ஹைனிஷ் கதைகளில் எதை முதலில் தமிழாக்குவது?

எங்கள் வாசகர் வட்டத்தில் ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம்தான் எங்களுக்குச் சேர்ந்தாற்போல் கிடைக்கும். அந்த நேரத்தில் அமெரிக்க அறிபுனைவு எழுத்தாளர் உர்சுலா லெ குவின் எழுதிய ஹைனிஷ் வரிசையிலிருந்து ஒரு சிறுகதையைச் சேர்ந்து தமிழாக்குவது என்று முடிவு செய்தோம். எந்தக் கதை என்று தேர்ந்தெடுப்பதற்கே இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஒவ்வொரு கதையிலும் இரண்டு மூன்று பக்கங்களைத் தமிழில் எழுதிப் பார்த்து, உரக்கப் படித்து, சண்டை போட்டு, பிறகுதான் முடிவுக்கு வந்தோம். அந்த ஒப்பீட்டை இங்கே எழுதுகிறேன். மொழிபெயர்க்காமல் வாசிக்க மட்டும் விரும்புகிறவர்களுக்கும் இது உதவும்.

லெ குவின் என்று முடிவாவதற்கு முன் பேச்சில் அடிபட்டது வேறோர் அறிபுனைவு எழுத்தாளரின் உலகம். கார்ட்வெய்னர் ஸ்மித் என்ற புனைபெயரில் எழுதிய பால் லைன்பார்கரின் கதைகளைப் பரிசீலித்தோம். 1913 முதல் 1966 வரை வாழ்ந்தவர், சிறுவயதில் சீனாவிலும் வளர்ந்தவர். எதிர்காலத்தில் நடப்பதை, அதற்கும் பல நூற்றாண்டுகள் கழித்து ஒருவர் பழங்கதையாகச் சொல்வதுபோல எழுதுவார். முடிவு கேட்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதே கதைசொல்லியின் தொடக்கமாக இருக்கும். கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய முறை. கர்ணன் சாவான் என்று தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் அவருடைய கதைகளில் பாதி வேலையை ஆங்கில ஒலியும், எதுகைப் பாட்டும், பெயர்களில் ஒளிந்திருக்கும் விளையாட்டும் செய்கின்றன. பூனையிலிருந்து மனித உருவில் ஆக்கப்பட்டவள் பெயருக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து நிற்கும், நாயிலிருந்து ஆக்கப்பட்டவளுக்கு வேறோர் எழுத்து. அடிக்குறிப்பு போட்டு அதை விளக்கினால் கதை செத்துவிடும். மனமில்லாமல்தான் ஒதுக்கி வைத்தோம்.

லெ குவினின் உலகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைன் என்ற கோளின் மக்கள் மிகப் பழைய காலத்தில் பல கோள்களில் மனிதர்களைக் குடியேற்றினார்கள். நம் பூமியும் அவற்றில் ஒன்று. பிறகு தொடர்பு அறுந்து, ஒவ்வோர் இடத்திலும் மனித குலம் ஒவ்வொரு விதமாக மாறிவிட்டது. வெகுகாலம் கழித்து எக்குமென் என்ற கூட்டமைப்பு அவர்களைத் தேடிப் போகிறது. படையோடு போவதில்லை, ஓரிருவரைப் பார்வையாளர்களாக அனுப்புகிறது. செய்தி நொடியில் போய்ச் சேரும், ஆனால் உடல் ஒளியின் வேகத்தை மீற முடியாது. ஒரு பயணம் முடிந்து வீடு திரும்பினால் வீட்டில் இருந்தவர்கள் கிழவர்களாகியிருப்பார்கள் அல்லது இறந்திருப்பார்கள். 1964இல் ஒரு சிறுகதையாகத் தொடங்கிய இந்த உலகம் 2000இல் வந்த நாவல் வரை நீண்டது. ஆசிரியர் இதற்கு முன்கூட்டித் திட்டம் எதுவும் வைத்திருக்கவில்லை. முன்னுக்குப் பின் முரண்பாடுகள் உண்டு. அதனால்தான் இதில் வடிவச் சோதனைகளுக்கு இவ்வளவு இடம் இருந்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் உலகத்தைப் புதிதாகத் தட்டிப் பார்க்க அவருக்குத் தடை இருக்கவில்லை.

இறுதிப் பட்டியலில் ஐந்து கதைகள் இருந்தன. முதலாவது 1969இல் வெளிவந்த ‘விண்டர்ஸ் கிங்’. கெதன் என்ற பனிக்கோளில் மனிதர்களுக்கு நிலையான பால் கிடையாது. மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ ஆவார்கள். மற்ற நாட்களில் இரண்டும் இல்லை. அங்கே கார்ஹைட் நாட்டின் அரசர் அர்காவென் கடத்தப்பட்டு, மனம் குலைக்கப்பட்டு, தன் குழந்தையைக் காப்பாற்ற அரியணையைத் துறந்து வேற்றுக்கோளுக்குப் போகிறார். திரும்பி வரும்போது அவர் இளமையாகவே இருக்கிறார், பிள்ளையோ முதுமை அடைந்துவிட்டது. கதையைத் தொடராகச் சொல்லாமல், புகைப்படங்களை எடுத்து எடுத்துக் காட்டுவதுபோல ஆசிரியர் சொல்கிறார்.

இந்தக் கதைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. முதல் வடிவத்தில் கெதன் மக்களை ஆண்பாலில் எழுதினார். அதே கோளில் நடக்கும் அவருடைய நாவலிலும் அப்படித்தான். அதற்காகக் கண்டனத்துக்கு உள்ளானார். 1975இல் இந்தக் கதையைத் தொகுப்பில் சேர்த்தபோது எல்லோரையும் பெண்பாலுக்கு மாற்றினார், ஆனால் ‘அரசன்’, ‘பிரபு’ போன்ற ஆண்பால் பட்டங்களை அப்படியே விட்டார். ஆங்கிலத்தில் அது கண்ணில் குத்தும். குத்த வேண்டும் என்பதுதான் நோக்கம்.

தமிழில் எடுத்தவுடன் கிடைக்கும் வழி ‘அவர்’. ஆணா பெண்ணா என்று சொல்லத் தேவையில்லை, மரியாதையும் பொருந்தும். “அரசர் எழுந்தார், ஜன்னலைத் திறந்தார்” என்று எழுதினால் ஓர் இடறலும் இல்லை. அதுதான் சிக்கல். இடறல் இல்லையென்றால் சோதனையும் இல்லை. ஆகவே துணிந்து, “அரசன் எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள்” என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். எங்கள் வட்டத்தில் மூத்தவர் ஒருவர் நாற்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர். படிக்கப் படிக்க அவருடைய சிவப்புப் பேனா தானாக வட்டம் போட்டுக்கொண்டே போயிற்று. பக்கத்தில் பதினான்கு வட்டங்கள். நிமிர்ந்து, “தம்பி, இது பிழையா, வேண்டுமென்றே செய்ததா?” என்று கேட்டார். வேண்டுமென்றே செய்தது என்றேன். மறுபடி முதலிலிருந்து படித்தார். மூன்றாவது பத்திக்கு மேல் பேனா நகரவில்லை. “பழகிவிடுகிறது” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்துவிடலாமா என்று எனக்கு ஆசை வந்தது.

ஆனால் ஒரு தடை. ஆங்கிலத்தில் பால் பிரதிப்பெயரில் மட்டும் தெரியும். பெயரைச் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். தமிழில் ஒவ்வொரு வினைமுற்றிலும் பால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘எழுந்ததும்’, ‘திறந்தபோது’ என்று எச்சங்களாக அடுக்கித் தப்பித்தாலும் வாக்கியம் எங்காவது முடிந்துதான் ஆக வேண்டும். மூலத்தில் பத்துக்கு மூன்று இடத்தில் வரும் குத்தல் தமிழில் பத்துக்குப் பத்து இடத்திலும் வரும். கதையின் துயரம், அந்தத் தாய்-தந்தை-பிள்ளைத் துயரம், இலக்கணத்துக்கு அடியில் நசுங்கிவிடுமோ என்று பயந்தேன். இன்னும் பயம் போகவில்லை.

அடுத்தது 1994இல் வந்த ‘அனதர் ஸ்டோரி’. ஓ என்ற ஓரெழுத்துப் பெயர் கொண்ட கோள். அங்கே எல்லோரும் காலைப் பாதி, மாலைப் பாதி என இரு பிரிவுகளில் ஒன்றில் பிறக்கிறார்கள். அது தாய்வழி வருகிறது. ஒரே பாதியைச் சேர்ந்தவர்கள் உடன்பிறந்த முறை, தொடக்கூடாது. திருமணம் நால்வருக்கிடையில் நடக்கும்: இரண்டு பாதிகளிலிருந்தும் ஓர் ஆண், ஒரு பெண். லெ குவினின் தந்தை ஆல்ஃபிரட் குரோபர் பெயர் பெற்ற மானிடவியலாளர். இந்த உறவுக் கணக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஆங்கில வாசகர்கள் பலமுறை படித்து வரைபடம் போட்டுப் புரிந்துகொள்ள வேண்டியதை நம்மில் ஒருவர் ஒரே வரியில் முடித்தார்: “பங்காளி, மாமன் மச்சான். அவ்வளவுதானே?” இரத்த உறவே இல்லாவிட்டாலும் ‘அண்ணன் தங்கை முறை’ என்று சொன்னால் அதற்கு மேல் விளக்கம் கேட்காத சமூகம் நம்முடையது.

இந்தச் சுலபம் ஆரம்பத்தில் மகிழ்ச்சி தந்தது, பிறகு உறுத்தியது. ‘முறை’ என்று எழுதிய மறுகணம் சாதியும் சீரும் தாய்மாமன் உரிமையும் அந்தக் கோளுக்குள் நுழைந்துவிடுகின்றன. அங்கே ஆண்கள் இருவருக்கும் இடையிலும், பெண்கள் இருவருக்கும் இடையிலும் உள்ள காதலும் திருமணத்தின் முறையான பகுதி. நம் ‘முறை’யில் அதற்கு இடமே இல்லை. வாசகர் தலையாட்டிக்கொண்டே போய்விடுவார், அந்நியம் தேய்ந்துவிடும். தவிர, வடிவத்தைப் பொறுத்தவரை இது ஐந்தில் மிகவும் சாதுவான கதை. எக்குமெனுக்கு அனுப்பும் அறிக்கை என்ற உடையில் ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்கிறார். பரிசோதனையில் நேர்ந்த தவறால் கடந்த காலத்துக்குத் திரும்பி, இந்த வாழ்வில் நடந்திராத ஒன்றைப் பற்றி அறிக்கை எழுதுகிறார் என்பது அழகான முடிச்சு. என் மனத்துக்கு மிக நெருக்கமான கதை இதுதான். ஆனாலும் முதல் கதை இது அல்ல.

மூன்றாவது ‘சாலிட்யூட்’, அதுவும் 1994. சிறந்த நெடுங்கதைக்கான (நாவலெட்) நெபுலா விருது பெற்றது. ஒரு தாய், எக்குமெனின் ஆய்வாளர், இரண்டு குழந்தைகளோடு ஒரு கோளில் குடியேறுகிறார். அங்கே பெரியவர்கள் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நுழைவதில்லை, அதிகம் பேசுவதும் இல்லை. குழந்தைகளுக்கு மட்டுமே கதை சொல்வார்கள். ஆகவே குழந்தைகள் வழியாகத்தான் தகவல் திரட்ட முடியும். தாய் அந்தச் சமூகத்தைச் சிதைந்துபோன ஒன்றாகப் பார்த்து அறிக்கை எழுதுகிறார். மகளோ அங்கேயே வளர்ந்து, அந்த வாழ்க்கையைத் தன்னுடையதாக்கிக்கொண்டவள். நாம் படிப்பது தாயின் அறிக்கைக்கு மகள் எழுதிய பிற்சேர்க்கை. ஒவ்வொரு வரியிலும் அம்மாவுக்கு மறுப்பும் இருக்கிறது, அம்மாவின் மேல் பாசமும் இருக்கிறது.

இதில் நாங்கள் முட்டிக்கொண்டது ஒரே ஒரு சொல்லில். அந்த ஊரின் பெயரே ‘ஆன்ட்’ (aunt) என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து ஆக்கப்பட்டது. சுற்றிலும் குடியிருக்கும் பெண்கள் எல்லோரும் குழந்தைகளுக்கு அந்த உறவு. தமிழில் பொதுவான அந்த உறவுக்குச் சொல் இல்லை. அத்தை என்றால் அப்பாவின் உடன்பிறந்தவள். அந்தக் கோளிலோ அப்பா யாரென்பதே பேச்சில் இல்லை. சித்தி, பெரியம்மா என்றால் அம்மாவோடு பிறந்தவர்கள், வயதுக் கணக்கும் சேர்ந்துவிடும். நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குழந்தைகள் எல்லாப் பெண்களையும் ‘ஆன்ட்டி’ என்று அழைக்கிறார்கள். பொருள் சரி, ஆனால் அந்த மண் வீடுகளுக்கு நடுவே அந்தச் சொல் நிற்காது. கடைசியில் ‘சின்னம்மா’ என்று வைத்துப் பார்த்தோம். எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. தனியாக, ஓர் இரவில் வாசிக்க நினைப்பவருக்கு நான் கொடுக்கும் கதை இதுதான். ஐவர் சேர்ந்து செய்யும் வேலைக்கு இது ஒத்துவராது. ஒரே குரல், அதுவும் யாரையும் கிட்டே விடாத குரல். ஐந்து கை பட்டால் கலைந்துவிடும்.

நான்காவது, 1990இல் வந்த ‘தி ஷோபீஸ் ஸ்டோரி’. வடிவச் சோதனை என்றால் ஐந்தில் இதுவே உச்சம். ஒளியின் வேகத்தையும் தாண்டி, நேரமே எடுக்காமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் முறை ஒன்று கண்டுபிடிக்கப்படுகிறது. அதை முதன்முதலில் உடலோடு சோதித்துப் பார்க்க ஷோபி என்ற கப்பலில் பத்துப் பேர் போகிறார்கள், குழந்தைகள் உட்பட. போய்ச் சேர்ந்த இடத்தில் ஒருவர் கண்டது இன்னொருவர் கண்டதோடு ஒத்துப்போகவில்லை. இறங்கினோம் என்கிறார் ஒருவர், இறங்கவே இல்லை என்கிறார் இன்னொருவர். கப்பல் இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிடுகிறது. கடைசியில் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு துண்டாக நடந்ததைச் சொல்லிச் சொல்லி ஒரே கதையாகக் கோத்த பிறகுதான் அவர்களால் திரும்ப முடிகிறது.

இந்தக் கதையை எழுதிப் பார்த்த ஞாயிறு எனக்கு மறக்காது. தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இறங்கியவர் இறங்காதவரிடம் பேசும்போது எதைப் போடுவது? ‘நாங்கள் இறங்கினோம்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம் இறங்கினோம்’ என்றால் நீயும்தான் வந்தாய் என்று சொல்வதாகிறது. கதையின் சண்டையே இதுதான். மூலத்தில் மூடியிருக்கும் ஒன்றைத் தமிழ் திறந்து காட்டிவிடும். ஒரு மணி நேரம் திகைத்து உட்கார்ந்திருந்தோம். எங்களில் இளையவள், கல்லூரி மாணவி, “இரண்டையும் விட்டுவிடலாமே அண்ணா, வெறும் ‘இறங்கினோம்’ போதாதா?” என்றாள். போதும். வினைமுற்றின் ‘ஓம்’ நாமா நாங்களா என்று காட்டிக்கொடுப்பதில்லை. ஆரம்பம் முழுக்க அப்படி எழுதி, எல்லோரும் சேர்ந்து கதை சொல்லத் தொடங்கும் இடத்தில் மட்டும் ‘நாம்’ என்று கொண்டுவந்தால்? உரக்கப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அதோடு ‘போனார்களாம்’, ‘இருந்ததாம்’ என்று கேள்விப்பட்டதைக் குறிக்க நமக்கு ஓர் ‘ஆம்’ இருக்கிறது. யார் கண்டது, யார் கேட்டது என்பதே தகராறாக இருக்கும் கதைக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்காது.

அப்படியிருந்தும் முதல் கதையாக இதை வைக்கவில்லை. கப்பலில் இருப்பவர்கள் கெதனிலிருந்தும், பூமியிலிருந்தும், ஹைனிலிருந்தும், அரசே இல்லாத அனாரெஸ் என்ற சமூகத்திலிருந்தும் வந்தவர்கள். அந்தந்த உலகங்களை முன்பே அறிந்தவருக்கு ஒவ்வொருவர் பேச்சிலும் ஓர் ஊர் தெரியும். அறியாதவருக்குப் பத்துப் பெயர்கள் மட்டும்தான் தெரியும். நீண்ட வரிசையின் நடுவிலிருந்து ஒரு கதையை உருவி எடுக்கும்போது நேரும் இழப்பு இது. எங்களில் மூவர் அந்த நாவல்களைப் படிக்காதவர்கள். அவர்கள் மூவருமே ஆறாம் பக்கத்தில் யார் யாரென்று குழம்பினார்கள். ஒரு மாலை கூடி உட்கார்ந்து குரல்களைப் பங்கிட்டு வாசிக்க வேண்டுமானால் இதைத்தான் எடுங்கள், ஆனால் முதலில் யார் எந்தக் கோள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம் தாண்டி நாங்கள் எடுத்தது ‘தி மேட்டர் ஆஃப் செக்ரி’. 1994இல் வந்தது, பால் பற்றிய நம் எண்ணங்களை அலசும் அறிபுனைவுக்குத் தரப்படும் ஜேம்ஸ் டிப்ட்ரீ விருதை (2019 முதல் அதன் பெயர் அதர்வைஸ் விருது) அந்த ஆண்டுக்குப் பெற்றது. செக்ரி என்ற கோளில் பதினாறு பெண்களுக்கு ஓர் ஆண். ஆண் குழந்தைகள் பதினொரு வயதில் கோட்டைக்குள் அனுப்பப்படுகிறார்கள். அங்கே விளையாட்டுப் போட்டி, பகட்டு, அடிதடி. பெண்கள் உழுகிறார்கள், கட்டுகிறார்கள், கல்லூரி நடத்துகிறார்கள், பணம் கொடுத்து ஆணை ஓர் இரவுக்கு அமர்த்துகிறார்கள். கோட்டைக்கு வெளியே ஆணுக்கு வேலையும் இல்லை, படிப்பும் இல்லை.

கதை என்று ஒன்று தொடர்ச்சியாக இல்லை. ஐந்து ஆவணங்கள், பல நூற்றாண்டு இடைவெளிகளில். முதலில் வந்து இறங்கிய கப்பல் தலைவன் ஒருவன், ஆண்கள் இங்கே ராஜாக்களாக வாழ்கிறார்கள் என்று பொறாமையோடு எழுதிய பதிவு. வெகுகாலம் கழித்து எக்குமென் அனுப்பிய பெண் பார்வையாளரின் குறிப்புகள். உள்ளூர்ப் பெண் ஒருத்தி, கோட்டைக்குப் போய்விட்ட தன் தம்பியைப் பற்றி எழுதிய நினைவு. அந்தக் கோளின் எழுத்தாளர் எழுதியதாக ஒரு காதல் கதை. கடைசியாக, கோட்டைக் கதவு சட்டப்படி திறந்த பிறகு வெளியே வந்து, தனக்கென்று ஓர் இடமும் இல்லாமல் நின்ற ஓர் ஆணின் தன்வரலாறு. கப்பல் தலைவன் கண்டது போன்ற கோட்டைக்குள் கடைசி ஆவணத்தில் நாம் நுழையும்போது உடம்பு சிலிர்க்கிறது. அவன் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதினான். அவன் கண்டது எவ்வளவு குறைவு என்பதை நமக்குச் சொல்ல ஆசிரியர் வாயைத் திறக்கவே இல்லை. அடுத்த காகிதத்தை எடுத்து வைக்கிறார், அவ்வளவுதான்.

ஹைனிஷ் வரிசையில் ஒரு வரிகூடப் படிக்காதவர் இதைப் படிக்கலாம். எக்குமென் என்றால் என்ன, பார்வையாளர்கள் எப்படிப் பிழை செய்கிறார்கள், எவ்வளவு பொறுமையாகத் திருத்திக்கொள்கிறார்கள் என்பதை இந்தக் காகிதங்களே கற்றுக்கொடுத்துவிடுகின்றன. ‘ஷோபி’ கேட்கும் முன்னறிவை இது கேட்பதில்லை.

தமிழில் இதற்குக் கிடைக்கும் இடமும் பெரிது. கப்பல் தலைவனுக்குப் பழைய பயண நூல்களின் தோரணை. பார்வையாளருக்கு வேக வேகமாகக் கிறுக்கிய குறுவாக்கியம். அக்காவின் நினைவுக்கு அலங்காரம் இல்லாத, வீட்டுக்குள் உட்கார்ந்து சொல்வது போன்ற நடை. காதல் கதைக்கு வார இதழ்த் தொடர்கதையின் கனிவு. தன்வரலாற்றுக்கு எச்சரிக்கையாக, ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுதும் நடை. ஐந்தும் அச்சில் நாம் பார்த்துப் பழகிய தமிழ்கள். ஐந்து பேருக்கு ஐந்து ஆவணம் என்று பங்கு பிரித்ததும் எங்கள் பெரிய கவலை ஒன்று தானாகத் தீர்ந்தது: நடை ஒன்றாக இல்லையே என்று யாரும் குறை சொல்ல முடியாது, ஒன்றாக இருக்கவே கூடாது.

தீராதது ஒரு சொல். ஆணை அமர்த்திக்கொள்ளும் அந்த இடத்துக்கு மூலத்தில் உள்ள பெயர் ஓர் ஆங்கில வசைச்சொல்லிலிருந்து ஆக்கப்பட்டது. செக்ரியின் பெண்களுக்கு அது கடைத்தெருப் பெயர்போலச் சாதாரணம். வாசிக்கும் நமக்குத்தான் முகம் சிவக்கிறது. தமிழ் வசையைப் போட்டால் அவர்கள் வாயிலும் அது வசையாகிவிடுகிறது. ‘கூடல்மனை’ என்றால் சங்கப் பாட்டு வாசனை வந்து, நடப்பதன் வியாபாரம் மறைந்துவிடுகிறது. ‘பொலிகூடம்’ என்று மூத்தவர் சொன்னார். பொலிகாளை நினைவுக்கு வருகிறது, ஆண் அங்கே எதற்குப் பயன்படுகிறான் என்பதும் தெரிகிறது, பெண் எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்லவும் முடிகிறது. இப்போதைக்கு அதுதான்.

லெ குவின் 2018 ஜனவரியில் மறைந்தார். எழுத்துகள் காப்புரிமைக்கு உட்பட்டவை. ஆகவே எங்களுடையது எங்கள் மேசைக்கான வேலை. அச்சுக்குப் போக வேண்டுமென்றால் உரிமையாளர்களிடம் முறையாக அனுமதி கேட்போம். கப்பல் தலைவனின் பதிவை மூத்தவர் எடுத்துக்கொண்டார். மாணவிக்குப் பார்வையாளரின் குறிப்புகள். தம்பியைப் பிரிந்த அக்காவின் பகுதி எனக்கு. தம்பியைக் கோட்டை வாசலில் விடும் நாளை வரும் ஞாயிறு படித்துக் காட்ட வேண்டும். ‘தம்பி’ என்ற சொல்லை எத்தனை முறை எழுதலாம், எங்கே அடக்கிக்கொள்ள வேண்டும் என்று மூன்று இரவுகளாக அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.